ஆறு பென்னி புத்தகத்துக்கு ஏன் அவ்வளவு பயம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

'மனித உரிமைகள்' எழுதின இங்கிலீஷ்காரர் தாமஸ் பெயின் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா ஒண்ணு உறுத்துது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஓட்டே சொத்து இருக்கிற ஆம்பளைங்களுக்குத்தான், நிறைய பேருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. அப்போ சுதந்திரம் உரிமைன்னு வந்த பிரசுரமெல்லாம் வசதியானவங்க காபி கடையில உக்காந்து ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டதுதானே? அரசாங்கத்தத் தாக்கிப் பத்திரிகை நடத்தின ஜான் வில்க்ஸ் ஒரு உல்லாசப் பேர்வழி. சாதாரண ஜனத்துக்கு இதுல என்ன பங்கு? அப்புறம் நாடாளுமன்றத்துல அமெரிக்காக்காரங்களுக்காக அவ்வளவு பேசின எட்மண்ட் பர்க், பிரான்ஸ் புரட்சின்னு வந்ததும் ஏன் அப்படி எதிரா ஆயிட்டார்? அவர எப்படி எடுத்துக்கிறது?

அன்புடன்,
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பெரிய மனுஷங்க சண்டை மட்டும்தான்னா அரசாங்கம் அப்படிப் பதறியிருக்காது. எதுக்குப் பதறுச்சுன்னு பாத்தாலே உங்க முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சிடும்.

பெயினோட 'மனித உரிமைகள்' முதல் பாகம் 1791ல வருது. ஜோசப் ஜான்சன்னு ஒரு பேர் பெத்த பதிப்பாளர் அச்சடிச்சு முடிச்சுட்டு, வெளியிடுற அன்னிக்கே பயந்து பின்வாங்கிட்டார், மார்ச்சுல ஃப்ளீட் ஸ்ட்ரீட்ல ஜோர்டன்னு வேற ஒருத்தர் எடுத்துப் போட்டார். விலை மூணு ஷில்லிங். தெற்கு இங்கிலாந்துல ஒரு விவசாயக் கூலி வாரம் பூரா உழைச்சா ஏழெட்டு ஷில்லிங் கிடைக்கும், அதுல மூணு ஷில்லிங்கு புத்தகம் யார் வாங்குவா? அரசாங்கமும் அந்தப் புத்தகத்து மேல கேஸ் போடல. ராஜாவையும் பிரபுக்களையும் கிழிச்சுத் தொங்கவிட்ட புத்தகம்தான் அது, ஆனாலும் சும்மா விட்டாங்க.

அடுத்த வருஷம் பிப்ரவரியில ரெண்டாம் பாகம். அதுல வெறும் கொள்கை மட்டும் இல்ல, கணக்கும் இருந்துச்சு. வரிப்பணம் எவ்வளவு வருது, எங்க போகுதுன்னு போட்டு, அம்பது வயசு தாண்டின ஏழைக்கு வருஷம் ஆறு பவுண்டு, அறுபதுக்கு மேல பத்து பவுண்டு, பதினாலு வயசுக்குக் கீழ இருக்கிற ஏழைப் பிள்ளைக்கு தலைக்கு நாலு பவுண்டு குடுக்கலாம், இது தர்மம் இல்ல உரிமைன்னு எழுதறார். 1792லயே இதையெல்லாம் சொல்லியாச்சு. அந்த வருஷம் ரெண்டு பாகமும் ஆறு பென்னிக்கு, அதாவது அரை ஷில்லிங்குக்கு, மலிவுப் பதிப்பா வர ஆரம்பிக்குது. ஷெஃபீல்டுல கத்தி, கத்தரிக்கோல் செய்யிற தொழிலாளிங்க சங்கம் வச்சு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தாங்களே ஒரு ஆறு பென்னி பதிப்பு அடிச்சாங்க. படிக்கத் தெரியாதவனுக்குப் படிச்சவன் சாராயக் கடையில சத்தமா வாசிச்சுக் காட்டுவான், அதனால ஒரு பிரதிய பத்துப் பேர் கேட்டாங்கன்னு வச்சுக்கலாம், எழுத்தறிவு விகிதத்த மட்டும் வச்சு இதை அளக்க முடியாது.

இப்பத்தான் அரசாங்கம் முழிச்சுக்குது. மே 21ஆம் தேதி ராஜா பேர்ல பிரகடனம், ராஜத்துரோக எழுத்தை எழுதறவன், அச்சடிக்கிறவன், விக்கிறவன் எல்லாரையும் கண்டுபிடிங்கன்னு. டிசம்பர் 18, லண்டன் கில்டுஹால்ல விசாரணை. பெயின் அப்போ பிரான்ஸ்ல, அந்த ஊர் சபைக்கே உறுப்பினரா தேர்ந்தெடுத்துட்டாங்க, ஆள் இல்லாமலே கேஸ் நடந்துச்சு. அரசாங்கத்தோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் மெக்டோனல்டு எந்திரிச்சு சொன்னத கேளுங்க. முதல் பாகமும் மோசம்தான், ஆனா விவரமுள்ள வாசகர் கையோட அது நின்னுடும்னு நினைச்சு விட்டேன், அடுத்தது எல்லா சைஸ்லயும் எல்லா ரூபத்துலயும் எல்லாத் தரப்பு ஜனங்க கையிலயும் திணிக்கப்படுது, சின்னப் பிள்ளைங்க மிட்டாய் மடிக்கிற காகிதம் கூட இதுதான்னு தெரிஞ்ச பிறகுதான் வழக்குப் போட்டேங்கிறார். கோர்ட்ல, வெளிப்படையா! எழுத்துச் சுதந்திரம் உண்டு, ஆனா அது இன்னார் கைக்கு மட்டும் போகணும், இதான் அரசாங்கத்தோட நிலைப்பாடு. அதனாலதான் இத பெரிய மனுஷங்க சண்டைன்னு ஒதுக்கிறதுல எனக்கு சம்மதமே இல்ல.

பெயினுக்காக வாதாடினவர் தாமஸ் எர்ஸ்கின். இளவரசருக்கு வக்கீலா இருந்த பதவி, இந்தக் கேஸ எடுத்ததால போச்சு. அவர் பேசி முடிச்சதும் அட்டர்னி ஜெனரல் பதில் சொல்ல எந்திரிக்கிறார், ஜூரி தலைவர் நீங்க பதிலே சொல்ல வேணாம்னு சொல்லி குற்றவாளின்னு தீர்ப்பு குடுத்துட்டார். வசதியானவங்களா பாத்துப் பொறுக்கின ஜூரி அது. ஆனா வெளிய வந்த எர்ஸ்கினோட வண்டியில இருந்து குதிரைய அவிழ்த்துட்டு கூட்டமே இழுத்துட்டுப் போச்சு.

தாமஸ் ஹார்டி பத்தி போன தடவையே எழுதியிருக்கணும்னு தோணுது. செருப்புத் தைக்கிறவர். 1792 ஜனவரியில ஸ்ட்ராண்ட் பக்கத்துல ஒரு சாராயக் கடையில, ஒன்பது பேர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து ஆரம்பிச்சதுதான் லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி, சாதாரண ஜனத்துக்கும் ஓட்டு கேட்ட சங்கம். சந்தா வாரம் ஒரு பென்னி, உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது, இது அவங்க முதல் விதி. அடிமையா இருந்து தன் விடுதலைய தானே காசு குடுத்து வாங்கின ஒலாடா எக்கியானோ, தன்னோட சுயசரிதையத் திருத்திக்கிட்டு அந்த வருஷம் ஹார்டி வீட்லதான் குடியிருந்தார், சங்கத்துலயும் சேர்ந்தார். ஹார்டி மார்ச்சுல ஷெஃபீல்டு பாதிரியார் ஒருத்தருக்கு எழுதின கடுதாசியில, மனித உரிமைங்கிறது இந்தச் சின்னத் தீவோட நிக்காது, கறுப்பு வெள்ளை, மேல கீழ, பணக்காரன் ஏழை எல்லாருக்கும்தான்னு எழுதறார். அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1775லயே அமெரிக்காக்காரங்களப் பாத்து, அடிமைய ஓட்டுறவன் வாயில இருந்துதான் சுதந்திரக் கூச்சல் ரொம்ப சத்தமா வருதேன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆனா ஜான்சன் அத அமெரிக்காக்காரங்க வாய அடைக்கக் கேட்டார், ஹார்டியும் எக்கியானோவும் ஒரே கூரைக்குக் கீழ அதுக்குப் பதில் தேடினாங்க.

1794ல ஹார்டிய ராஜத்துரோகத்துக்குப் பிடிச்சு லண்டன் டவர் சிறையில போட்டாங்க, நிரூபணமானா தூக்குதான். அவர் உள்ள இருக்கும்போது ஒரு கும்பல் வீட்டத் தாக்குச்சு, கர்ப்பிணியா இருந்த மனைவி கொஞ்ச நாள்ல பிரசவத்துல இறந்துட்டாங்க, குழந்தையும் பிழைக்கல. நவம்பர் 5ஆம் தேதி ஜூரி அவர குற்றவாளி இல்லன்னு விடுவிச்சது. வாதாடினவர் அதே எர்ஸ்கின். காபி கடைப் பேச்சுக்கு யாரும் இந்த விலை குடுக்க மாட்டாங்க எஸ்.

எதிர்த்தரப்பும் இத ஒத்துக்கிட்ட மாதிரிதான் நடந்துக்கிட்டாங்க. 1792 கடைசியில ஹன்னா மோர்ங்கிற அம்மா, ஒரு கொல்லரும் ஒரு கொத்தனாரும் பேசிக்கிற மாதிரி எளிமையான நடையில ஒரு பிரசுரம் எழுதறாங்க, கொத்தனார் பெயினப் படிச்சுட்டுக் கெட்டுப்போறார், கொல்லர் அவருக்குப் புத்தி சொல்றார். கருத்து எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. ஆனா கொத்தனார் என்ன நினைக்கிறார்ங்கிறது நாட்டுக்கு முக்கியம்னு அந்தத் தரப்புக்கும் புரிஞ்சிருச்சு பாருங்க.

வில்க்ஸ் பத்தி சுருக்கமா. அவர் சொந்த வாழ்க்கைய நான் தூக்கிப் பிடிக்கல. ஆனா 1763ல அவரோட 'நார்த் பிரிட்டன்' 45ஆம் இதழுக்காக, யார் பேரும் போடாத ஒரு வாரண்ட்ட வச்சுக்கிட்டு 49 பேரப் பிடிச்சாங்க, அதுல நிறைய பேர் சாதாரண அச்சுத் தொழிலாளிங்க, அவங்களும் திருப்பிக் கேஸ் போட்டு ஜூரி கையால நஷ்டஈடு வாங்கினாங்க. பேரில்லாத வாரண்ட்டே சட்டவிரோதம்னு ஆனது அந்தக் கேஸ்களாலதான். வில்க்ஸ் எப்படிப்பட்டவரா இருந்தா என்ன?

இனி பர்க். அவரக் கேட்டா தான் மாறவே இல்லன்னுதான் சொல்லுவார். உரிமைங்கிறது தாத்தா அப்பன்னு வழிவழியா வர்ற சொத்து, அமெரிக்காக்காரன் தன் பங்கக் கேட்டான், பிரான்ஸ்காரன் வீட்டையே இடிச்சான், இதான் அவர் கணக்கு. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு, நான் மறுக்கல. நம்ம ஊர் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒண்ணு உண்டு. 1785 பிப்ரவரி 28ல, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாங்கின கடன் பத்தி பர்க் நாடாளுமன்றத்துல பேசினார், பிறகு அத பிரசுரமாவும் போட்டார். பால் பென்ஃபீல்டு மாதிரி கம்பெனி ஆளுங்க நவாப்புக்குக் குடுத்ததா சொன்ன கடன, விசாரணையே இல்லாம கர்நாடக வருமானத்துல இருந்து (இன்னைய கர்நாடகா இல்ல, நவாப் ஆண்ட நம்ம பக்கத்துப் பகுதிக்கு அப்போ அந்தப் பேர்) அடைக்க அரசு முடிவு பண்ணியிருந்துச்சு, அந்தப் பணம் எந்த விவசாயி வயித்துல இருந்து வரும்னு கேட்டார். கர்நாடகத்துலயும் தஞ்சாவூர்லயும் சேர்த்து பெரிசும் நடுத்தரமுமா ஏரி மட்டும் பத்தாயிரத்துக்குக் குறையாதுன்னு சொல்லி, அத வெட்டி வச்ச ராஜாக்கள அப்படிப் புகழ்ந்தார். பர்க்குக்கு ரொம்ப நெருக்கமான வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவோட லண்டன் ஏஜெண்ட்டா இருந்தவர், அதையும் மனசுல வச்சுத்தான் படிக்கணும். ஆனாலும் அந்த உரையில இருக்கிற கோபம் நிஜம்னு நான் நம்பறேன்.

இப்படிப்பட்டவர்தான் 1790ல பிரான்ஸ் புரட்சிய எதிர்த்து எழுதின புத்தகத்துல சாதாரண ஜனத்த 'பன்றிக் கூட்டம்'னு எழுதினார். செங்கல்பட்டு ஏரிய நம்பி இருக்கிறவனுக்காக உருகின மனசுக்கு, தன் ஊர் செருப்புத் தைக்கிறவன் ஆறு பென்னி குடுத்து அரசியல் படிக்கிறது பொறுக்கல. ஏழைக்காக இரக்கப்படலாம், ஏழை தானே முடிவெடுக்க வரக்கூடாதுங்கிற இந்த நிலைப்பாட்டத்தான் நான் எதிர்க்கிறேன், கடுமையாவே எதிர்க்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஜனங்க குடுத்த பதில் இருக்கே! தாமஸ் ஸ்பென்ஸ் தன் பத்திரிகைக்கு 'பன்றித் தீனி'ன்னே பேர் வச்சார், டேனியல் ஐசக் ஈட்டன் 'கழுநீர்'னு வச்சார். ஈட்டன் பத்திரிகையில கொடுங்கோல் சேவல் ஒண்ண தலைய வெட்டின கதை வந்துச்சு, அரசுத் தரப்பு அந்தச் சேவல் நம்ம மகாராஜாதான்னு கோர்ட்ல வாதாட வேண்டியதாப் போச்சு, 1794 பிப்ரவரியில ஜூரி ஈட்டன விட்டுடுச்சு.

பர்க்க ஒதுக்காதீங்க. ஆற்காட்டுக் கடன் உரைய முதல்ல படிங்க, அப்புறம் பெயினோட ரெண்டாம் பாகத்துல அந்தக் கணக்கு வர்ற கடைசி அத்தியாயத்தப் படிங்க. ரெண்டையும் படிச்சுட்டு அவசியம் எழுதுங்க, ஏழை விவசாயிய அந்த ரெண்டு பேரும் எப்படிப் பாக்கறாங்கன்னு உங்களுக்குத் தோணுறத கேக்க ஆசையா இருக்கு.