கடைசித் தவணை கட்டியாகிவிட்டது, கடன் தீர்ந்ததா?

கேள்வி: எனக்கு வயது 53. சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீட்டுக்கான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடனின் கடைசித் தவணை சென்ற மாதம் முடிந்தது. 25 ஆண்டுகளாக மாதம் 500 வெள்ளி என் மத்திய சேம நிதியின் (சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பு) சாதாரணக் கணக்கிலிருந்தே கழிந்து வந்தது. கடன் அட்டையில் 4,000 வெள்ளி பாக்கி. மாதம் 200 வெள்ளி கட்டுகிறேன். மனைவியின் நகைகள் இரண்டு சீட்டாக, 1,800 வெள்ளிக்கும் 1,200 வெள்ளிக்கும், அடகில் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கு வட்டியில்லாத் தவணை ஓடுகிறது. மைத்துனரின் 15,000 வெள்ளிக் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மகளின் பல்கலைக்கழகக் கட்டணம் என் சேம நிதியிலிருந்து போகிறது. வங்கியில் 9,000 வெள்ளி உண்டு. இனி நான் கடனற்றவன் என்று சொல்லிக்கொள்ளலாமா? இந்தச் சேமிப்பை என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுக் கடனை 25 ஆண்டுகள் தவறாமல் கட்டி முடித்ததற்கு முதலில் என் வாழ்த்து. ஆனால், கடனற்றவர் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஓராண்டாவது ஆகும் என்றே உங்கள் கணக்கைப் பார்த்தால் தோன்றுகிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் எவருக்கும் முன்கூட்டியே பங்கு இல்லாமலும், சில மாதங்கள் சம்பளம் நின்றால்கூட மறுபடி யாரிடமும் கைநீட்ட வேண்டாத அளவுக்குக் கையிருப்போடும் இருப்பதைத்தான் நான் கடனற்ற நிலை என்பேன். வீட்டுக் கடன் முடிந்ததால் இந்த இரண்டில் எதுவும் உங்களுக்கு இன்னும் கைகூடவில்லை.

காரணம், நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. தவணை முழுவதும் சாதாரணக் கணக்கிலிருந்தே போயிருப்பதால், அது நின்றபின் உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் ஒரு வெள்ளிகூடக் கூடப்போவதில்லை. சேம நிதியில்தான் அந்த 500 வெள்ளி இனி மாதந்தோறும் தங்கும். இதைக் கவனியாமல், பாரம் இறங்கிவிட்டது என்ற எண்ணத்தில் தீபாவளிக்கு முன்பே கடன் அட்டையைத் தேய்க்கத் தொடங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அட்டைக்கு வருவோம். வீவக கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 2.6 விழுக்காடு; கடன் அட்டைக்கோ வங்கியைப் பொறுத்து 26 முதல் 28 விழுக்காடு வரை, அதாவது ஏறத்தாழப் பத்து மடங்கு. 27 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 4,000 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 90 வெள்ளி ஆகிறது. நீங்கள் கட்டும் 200 வெள்ளியில் 110 வெள்ளிதான் அசலைத் தொடுகிறது. புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும் பாக்கி தீர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மேலும், பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே 9,000 வெள்ளியிலிருந்து முதல் வேலையாக அட்டைப் பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள்.

அடகுக் கடைகள் இங்கே மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. ஆண்டுக்கு அது 18 விழுக்காடு என்பதை நாம் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிட்டு வருகிறோம். (எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு அரிசி வாளிக்கு அடியில் இருக்கும், அரிசி தீரும்போதுதான் தவணை நாள் அம்மாவுக்கு நினைவுக்கு வரும்.) சேமிப்பில் இருந்து 1,200 வெள்ளிச் சீட்டை இப்போதே மீட்டுவிடுங்கள். அட்டைக்குக் கட்டிவந்த 200 வெள்ளியையும், மீட்ட நகைக்கு மிச்சமாகும் 18 வெள்ளி வட்டியையும் மாதந்தோறும் தனியே எடுத்து வைத்தால், ஒன்பது மாதத்துக்குள் 1,800 வெள்ளி சேர்ந்துவிடும். இரண்டையும் ஒரேயடியாக மீட்க வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. ஒன்றை மீட்டால் கையில் 3,800 வெள்ளி இருக்கும். இரண்டையும் மீட்டால் 2,000 வெள்ளியாகிவிடும். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகை கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதற்கு 3,800 வெள்ளியே போதாது. 2,000 வெள்ளியோடு நின்றால் ஒரு பல் மருத்துவச் செலவே அட்டையை மறுபடி வெளியே எடுக்க வைக்கும்.

குளிர்சாதனப் பெட்டித் தவணை தன்பாட்டில் ஓடட்டும். ஒரு தவணைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்காக எடுத்த சேம நிதி கடனா என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மாதம் 500 வெள்ளி வீதம் 25 ஆண்டுகளில் நீங்கள் எடுத்தது 150,000 வெள்ளி. அது கணக்கிலேயே இருந்திருந்தால் 2.5 விழுக்காடு வட்டி சேர்ந்திருக்கும் அல்லவா? வீட்டை விற்கும்போது அசலோடு அந்த வட்டியையும் உங்கள் கணக்குக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். இன்றைய நிலையில் வட்டி ஏறத்தாழ 58,000 வெள்ளி, ஆக மொத்தம் 208,000 வெள்ளி. முன்பணத்துக்கும் சேம நிதியை எடுத்திருந்தால் அதுவும் இதோடு சேரும். வீவக கடன் முடிந்தாலும் இந்தக் கணக்கு நிற்பதில்லை. இனியும் ஆண்டுக்குச் சுமார் 5,200 வெள்ளி ஏறிக்கொண்டே இருக்கும்.

இதை நான் கடன் என்று சொல்லமாட்டேன். கேட்டு எவரும் கதவைத் தட்டப்போவதில்லை. திருப்பிச் செலுத்தும் பணமும் உங்களுடையதே. சந்தை விலைக்கு விற்றும் தொகை போதாமற்போனால் பற்றாக்குறையை ரொக்கமாகக் கட்டச் சொல்வதும் இல்லை. ஆனால் வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறலாம், மிச்சப் பணத்தோடு ஊரில் சில காலம் இருந்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் இருந்தால், கணக்கு மாறிவிடும். 450,000 வெள்ளிக்கு விற்றால் கைக்கு வருவது 242,000 வெள்ளிதான், அதிலும் விற்பனைச் செலவு போக. 55 வயதுக்குப் பிறகு விற்றால், திரும்பும் தொகை முதலில் ஓய்வுக்காலக் கணக்கில், சேம நிதி நிர்ணயித்திருக்கும் முழு ஓய்வுக்காலத் தொகைவரை நிரப்பப்படும். அதற்கு மேல் இருப்பதையே வெளியில் எடுக்கலாம். சேம நிதியின் இணையச் சேவையில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் நுழைந்தால் உங்கள் வீட்டுக்கான சரியான தொகை தெரியும். மனைவியின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

மகளின் கட்டணம் சேம நிதியின் கல்விக் கடன் திட்டத்தில் போவதால், அங்கே கடன் கொடுத்தவர் நீங்கள். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் அவர் உங்கள் கணக்குக்கு வட்டியுடன், அதிகபட்சம் 12 ஆண்டுகளில், ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்ற பிள்ளையிடம் கேட்பதா என்று தயங்காமல், இதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

என்னை உறுத்துவது மைத்துனர் கடனுக்கு நீங்கள் போட்ட கையெழுத்து. உங்கள் சேமிப்பு முழுவதையும்விட அது பெரிய தொகை. அவர் கட்டத் தவறினால், ஒப்பந்தப்படி கடன் கொடுத்தவர் உங்களிடம் வரலாம். கடன் கொடுத்தவர் இசையாமல் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. வீட்டுக் கடனுக்காகச் சேம நிதி வழியாக எடுத்திருந்த காப்புறுதி இதற்கு உதவாது. அது வீட்டுக் கடனோடு முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கி விவர அறிக்கையைக் காட்டும்படி மைத்துனரிடம் கேளுங்கள். குடும்பத்துக்குள் சங்கடம்தான்; ஆயினும் அவர் இரண்டு தவணை தவறிய பிறகு வக்கீல் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அதைவிடப் பெரிய சங்கடம்.

இன்னொன்று. அட்டைப் பாக்கியை முழுவதும் அடைத்த பிறகும் அடுத்த மாத அறிக்கையில் சில பத்து வெள்ளி வட்டி வரக்கூடும். அறிக்கை வந்த நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையே தினக் கணக்கில் ஏறிய வட்டி அது, வங்கியின் பிழையன்று. சிறிய தொகைதானே என்று விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் அதன் மேல் ஏறும். அதையும் கட்டி, அதற்கடுத்த அறிக்கையில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகு, அட்டை தேவையில்லை என்றால் வங்கிக்கு எழுதி ரத்து செய்துவிடுங்கள்.