முகப்புப் பக்கத்தில் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டுமாம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தனியாக இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். திருமண மண்டபம் ஒன்றின் உரிமையாளர், தளத்தைத் திறந்தவுடன் நாதஸ்வரம் தானாக ஒலிக்க வேண்டுமென்று நிற்கிறார். யூடியூபிலிருந்து எடுத்த தியாகராஜர் கீர்த்தனை ஒன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அப்பாவின் சிநேகிதர் வேறு. முகம் முறியாமல் எப்படி மறுப்பது? — இளைஞர், கோண்டாவில்

பதில்: தம்பி, உங்களுக்கு முன்பாகவே உலாவிகள் மறுத்துவிட்டன என்பதை அவருக்குக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். 2017இல் கணினிச் சஃபாரியும், 2018இல் குரோமும், 2019இல் பயர்பொக்ஸும், பார்ப்பவர் பக்கத்தைத் தொடும்வரை ஒலி தானாக எழுவதைத் தடுக்கத் தொடங்கின. ஆகவே அவர் கேட்பதை அப்படியே செய்து கொடுத்தாலும் பெரும்பாலானோருக்கு அது கேட்காது. மண்டபத்துக்கு மங்கல இசை பொருந்தாது என்று வாதிடாதீர்கள்; அது உண்மையுமல்ல. மாதிரிப் பக்கமொன்றை ஒலியுடன் அமைத்து, அவருடைய கைத்தொலைபேசியிலேயே திறந்து காட்டுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் எந்தத் தளத்தில் அடிக்கடி ஒலி, ஒளிப்பதிவுகளை இயக்குகிறார் என்பதைக் கணினியிலுள்ள குரோம் கவனித்து, அத்தகைய தளத்துக்கு அவரளவில் விலக்களிப்பதுண்டு. அலுவலகக் கணினியில் நாள்தோறும் போட்டுக் கேட்கும் உரிமையாளர், "எனக்கு வடிவாக் கேக்குதே" என்பார். அதே வேளையில் ரொறன்ரோவிலிருந்து மண்டபம் தேடும் பெண் வீட்டாருக்கு எதுவும் கேட்டிராது. ஆகையால் அந்தத் தளத்தை முன்பு திறந்திராத தொலைபேசியில் சோதித்துக் காட்டுவதே நல்லது.

பார்ப்பவர் முதன்முறை திரையைத் தொட்டதும் இசை எழும்படி அமைத்துத் தடையைத் தாண்டும் வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் அது இயலும், எனக்கு உடன்பாடில்லை. லண்டனில் வேலைத்தலத்தில் இருந்தபடி தங்கையின் கல்யாணத்துக்கு மண்டப வாடகை பார்க்க விரும்பும் அண்ணன், விலைப்பட்டியலைத் தொட்டவுடன் தவில் அதிர்ந்தால், நிறுத்தும் பொத்தானைத் தேடமாட்டார், பக்கத்தையே மூடிவிடுவார். மினிபஸ்ஸில் பாட்டைக் கூட்டி வைத்தாலும் பயணி தன் இடம் வரும்வரை பொறுத்திருப்பார். இணையத்தளத்திலோ எந்த இடமும் இறங்கும் இடந்தான். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அந்தக் குரலே இசையில் மூழ்கிப்போகும். மூன்று விநாடிக்கு மேல் தானாக ஒலிப்பதை நிறுத்தவோ அதன் ஒலியளவைத் தனியாகக் குறைக்கவோ வழி இருக்கவேண்டுமென்று சர்வதேச அணுகல் வழிகாட்டல்கள் 2008 முதல் கூறுவது இதனால்தான். நான்கு நிமிடப் பாட்டு நடுத்தரத் தரத்திலேயே ஏறத்தாழ நான்கு மெகாபைட் டேட்டாவைத் தின்னும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்த பாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது என்றாலும், அதை வாசித்த கலைஞருக்கும் பதிவு செய்த நிறுவனத்துக்கும் தனித்தனியே உரிமைகள் உள்ளன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. "யூடியூபில் கிடக்குதுதானே" என்பது பதிலாகாது.

மறுப்போடு ஒரு மாற்றுவழியையும் கொண்டு போங்கள். முகூர்த்த நாட்களில் அவருடைய மண்டபத்திலேயே நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கின்றன. இணுவிலில் வழிவழியாக வாசித்துவரும் கலைஞர்கள் அயலிலேயே இருக்கிறார்கள். அங்கு வாசிக்கும் குழுவினரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, உரிய சன்மானம் கொடுத்து, ஒரு நிமிடம் வரையான பதிவொன்றை எடுக்கலாம். அதை மணவறைப் படங்களின் கீழ், "எங்கள் மண்டபத்தில் வாசித்தது" என்ற வரியோடும் கலைஞர்களின் பெயர்களோடும் தெளிவான பொத்தானாக வையுங்கள். விரும்பியவர் அழுத்திக் கேட்பார். மண்டபத்தில் ஓசை எப்படி எழுகிறது என்பதும் அவருக்கு விளங்கும். உரிமையாளர் அனுப்பிய பாட்டால் அதைச் சொல்ல முடியாது. உரிமையாளரும் தம் ஊர்க் கலைஞரின் பெயர் தம் தளத்தில் இருப்பதை வேண்டாமென்று சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒலிப்பதிவுச் செலவை விலைமனுவில் தனி வரியாகக் காட்டுங்கள். அதன் பின்னும் தானாகத்தான் ஒலிக்கவேண்டுமென்று அவர் நின்றால், எந்தெந்தக் கருவிகளில் கேட்காது என்பதை மின்னஞ்சலில் எழுதி, அவருடைய சம்மதம் பதிலாக வந்த பிறகு மட்டும் செய்து கொடுங்கள். அப்போதும் நிறுத்தும் பொத்தான் பக்கத்தின் மேற்பகுதியிலேயே இருக்கட்டும்.