சபையை விட்டுப் போன இளைஞர்களைத் திரும்பக் கூட்டிவர குமரி மாவட்டச் சபைகள் எடுக்கும் முயற்சியால் பலன் உண்டா?

சோம்பலில் சபைக்குப் போவதை நிறுத்தியவன் வருவான், நம்பிக்கை போய் நிறுத்தியவன் வரமாட்டான். நான் இரண்டாவது ரகம். மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியவன்தான், கல்லூரி முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது.

2011 கணக்கெடுப்புப்படி நம்ம மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அடுத்த கணக்கெடுப்பிலும் அப்பா என்னைச் சேர்த்தேதான் சொல்வார். இங்கே 'அவன் போய்ட்டான்' என்றால் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவனையும் குறிக்கும், எதையுமே நம்பாதவனையும் குறிக்கும். முதல் ஆளைப் பற்றித்தான் சபைக் கமிட்டிக்குக் கவலை அதிகம் (சந்தா அந்தப் பக்கம் போய்விடுமே).

என்னை ஒரு வாலிபர் முகாமுக்கு அம்மா அழுது அனுப்பினாள். டிரம்ஸ், கீபோர்டு, திரையில் பாட்டு வரி, மத்தியானம் பிரியாணி, குறை சொல்ல முடியாது. சாயங்காலம் கேள்விப் பெட்டி வைத்தார்கள், பெயர் போடாமல் சீட்டு எழுதலாம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சி பகவதி கோயிலுக்குப் போகிறவர், எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர், அவர் நரகத்துக்குத்தான் போவாரா என்று எழுதிப் போட்டேன். பேச வந்தவர் சீட்டை வாசித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், 'இதைத் தனியா பேசுவோம்' என்று சொல்லிவிட்டு காதல் கல்யாணம் பற்றிய சீட்டை எடுத்தார். அந்தத் தனியா இன்றுவரை வரவில்லை.

அப்புறம் கமிட்டி ஆட்கள் வந்தார்கள், அது சபை எலெக்‌ஷன் சமயம். நாளைக்குக் கல்யாணம் என்றால் சபையில்தானே வந்து நிற்கணும், சந்தா பாக்கியைக் கட்டி பெயரைச் சேர்த்துக்கொள் என்றார்கள். உண்மைதான், இங்கே பாதிப் பேர் 'திரும்பி வருவது' கல்யாணத்துக்கும் கல்லறைக்கும்தான்.

கத்தோலிக்கர் பக்கம் 2018-இல் இளைஞர்களுக்காகவே ரோமில் ஆயர் மாமன்றம் (பிஷப்புகள் கூடிப் பேசும் கூட்டம்) நடந்தது. அடுத்த வருடம் போப் பிரான்சிஸ் எழுதிய மடலில், எங்களைச் சும்மா விடுங்கள் என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டார். அங்கேயாவது அதை வாய்விட்டுச் சொன்னார்களே.

மூன்றாவதாக வந்தவர் என் பழைய ஓய்வுநாள் பள்ளி சார். அப்பா காலொடிந்து கிடந்தபோது பார்க்க வந்தார், கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார், கை கழுவும்போது, 'அன்னைக்கு அந்தச் சீட்டு உனக்கதுதானே மக்களே, எனக்கும் அதுக்குப் பதில் தெரியாது' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் இன்னும் நம்பவில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு சார் கூப்பிட்டால் மட்டும் போவேன், டிரம் தூக்க ஆள் வேண்டுமே. வீட்டுக்குள் ஜெபம் நடக்கும்போது முற்றத்தில் நின்றுகொள்வேன். பையன் திரும்பி வந்துவிட்டான் என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.