திரும்பி வரும் பாதி

அன்புள்ள ஐயா,

போன வாரம் நானும் நண்பனும் 18 அடிப் பாய்மரப் படகில் கரையோரமாக 10 கடல் மைல் போய் வந்தோம். போகும்போது பின்காற்று, இரண்டே மணி நேரம், அவ்வளவு சுகம். திரும்பும்போது காற்று கூடிவிட்டது. இரண்டரை மணி நேரம் போராடியும் முடியவில்லை. எஞ்சினைப் போட்டுத்தான் இருட்டுவதற்குள் கரை சேர்ந்தோம். அதில் எனக்கு வெட்கம். எங்கே தவறினோம்?

ம.

அன்புள்ள ம.,

எஞ்சினைப் போட்டதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுத்தீர்கள், அது சரியான முடிவு.

ஆனால் காற்று உண்மையிலேயே கூடியதா? எனக்குச் சந்தேகம். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) காற்று பின்னாலிருந்து வீச, படகு 5 நாட் வேகத்தில் அதோடு ஓடினால் உங்கள் முகத்துக்குத் தெரிவது 7 நாட்தான். அதே காற்றை எதிர்த்துச் சாய்வாக 4 நாட்டில் வந்தால் 15 நாட்போல அடிக்கும். படும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. ஆக, காற்று மாறாமலே கடல் வேறாகிவிடும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு, நானும் ஏமாந்திருக்கிறேன்.

தூரமும் மாறுகிறது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று வளைந்துதான் வர வேண்டும். 10 மைல் 14 மைல் ஆகிவிடும். 4 நாட்டில் மூன்றரை மணி நேரம், பக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இழக்கும் வேகம் தனி.

அதனால் முடிந்தால் காலையில் எதிர்க்காற்றில் கிளம்புங்கள். உடம்பில் தெம்பு இருக்கும், வெயில் ஏறியபின் வலுக்கும் கடற்காற்றும் அப்போது எழுந்திருக்காது. பின்காற்றில்தான் போயாக வேண்டுமென்றால், அரை மணி நேரம் ஓடியதும் படகைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவது எப்படியிருக்கும் என்று அப்போதே கைக்குத் தெரிந்துவிடும். படகு அதிகம் சாய்ந்தால் பாயை அங்கேயே சுருக்குங்கள். அலை எழும்பிய பிறகு அந்த வேலை மிகச் சிரமம்.

அப்புறம் ஒன்று. நீரோட்டம் எந்தப் பக்கம் போனது என்று நீங்கள் எழுதவில்லை. காற்றுக்கு எதிராக ஓடியிருந்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழுந்திருக்கும். படகு அடிக்கொருமுறை முட்டி நின்றதா? நினைவிருந்தால் எழுதுங்கள்.