அமெரிக்க வரலாற்றுல ஒரே தேதியில பெரிய சம்பவங்கள் நடந்த நாள்னா எதைச் சொல்லுவீங்க?

நிறைய பேரு ஜூலை 4னு தான் சொல்லுவாங்க. 1776 சுதந்திரப் பிரகடனம், அப்புறம் சரியா 50 வருஷம் கழிச்சு 1826ல அதே நாள்ல முன்னாள் அதிபருங்க ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சில மணி நேர இடைவெளியில இறந்தது, எல்லாம் தெரிஞ்ச கதை. என்னைக் கேட்டா மார்ச் 25.

1911, சனிக்கிழமை சாயங்காலம். நியூயார்க்ல வாஷிங்டன் ஸ்கொயர் பக்கத்துல ஒரு பத்து மாடிக் கட்டடம், அதுல மேல் மூணு மாடியும் ட்ரையாங்கிள்னு ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி, பொம்பளைங்க சட்டை தைக்கிற இடம். வேலை பாத்தவங்க பெரும்பாலும் பொழைக்க வந்த யூத, இத்தாலியப் பொண்ணுங்க, சிலருக்கு வயசு 14 தான். வேலை முடியற நேரத்துல எட்டாவது மாடியில கட்டிங் டேபிளுக்குக் கீழ குவிஞ்சு கெடந்த வெட்டுத்துணியில தீ புடிச்சுடுச்சு. பத்தாவது மாடிக்கு போன் பண்ணிட்டாங்க, அங்க இருந்த முதலாளிங்க உட்பட கிட்டத்தட்ட எல்லாரும் மொட்டைமாடி வழியா தப்பிச்சிட்டாங்க, ஆனா ஒன்பதாவது மாடிக்கு யாருமே தகவல் சொல்லல. ஒரு படிக்கட்டுல நெருப்பு, இன்னொரு படிக்கட்டோட கதவு பூட்டு. துணியைத் திருடிட்டுப் போயிடுவாங்கன்னு ஒரே வழியா வெளிய விட்டு பையை செக் பண்றது அங்க வழக்கம், அதுக்காகப் போட்ட பூட்டு. வெளிய இருந்த இரும்புப் படி பாரம் தாங்காம பேத்துக்கிட்டு விழுந்துச்சு, தீயணைப்பு வண்டியோட ஏணி ஆறாவது மாடிக்கு மேல எட்டல. 146 பேர் செத்துட்டாங்க. முதலாளிங்க ரெண்டு பேரும் கோர்ட்ல விடுதலை ஆனாங்க, 1914ல சிவில் கேஸ்ல ஒரு உயிருக்கு 75 டாலர்னு குடுத்து முடிச்சாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

பக்கத்துல டீ குடிக்க வந்திருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் சத்தம் கேட்டு ஓடி வந்து, பொண்ணுங்க ஜன்னல்ல இருந்து குதிக்கறதைக் கண்ணால பாத்தாங்க. அவங்க தான் 1933ல தொழிலாளர் துறை மந்திரி ஆனவங்க, அமெரிக்க மந்திரி சபையில முதல் பெண்.

1947 மார்ச் 25, இல்லினாய்ஸ் சென்ட்ரேலியா நிலக்கரிச் சுரங்கத்துல கரித்தூள் வெடிச்சு 111 பேர் பலி. ஒரு வருஷம் முன்னாடியே யூனியன்காரங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டு, தயவுசெஞ்சு எங்க உயிரைக் காப்பாத்துங்கன்னு கவர்னருக்கு லெட்டர் எழுதியிருந்தாங்க. அந்த நாலுல மூணு பேர் அந்த வெடிப்புலயே செத்துட்டாங்க.

1931ல இதே தேதியில அலபாமாவுல சரக்கு ரயில்ல வந்த ஒன்பது கறுப்பினப் பசங்களை பொய்க் கேஸ்ல புடிச்சாங்க, ரெண்டே வாரத்துல எட்டு பேருக்கு மரண தண்டனை விதிச்சாங்க (நிறைவேத்தல, ஆனா பல வருஷம் ஜெயில்). அதே அலபாமாவுல 1965 மார்ச் 25 அன்னிக்கு செல்மாங்கற ஊர்ல இருந்து நடந்து வந்தவங்க மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியைத் தொட்டாங்க, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டு சுமார் 25,000 பேர், மார்ட்டின் லூதர் கிங் பேசினாரு. அன்னிக்கு ராத்திரியே, ஊர்வலத்துல வந்தவங்களைத் தன் கார்ல கொண்டு விட்டுட்டிருந்த வயோலா லியூஸோவை கு கிளக்ஸ் கிளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆளுங்க சுட்டுக் கொன்னுட்டாங்க. டெட்ராய்ட்ல இருந்து வந்த அஞ்சு குழந்தைங்களுக்கு அம்மா அவங்க. ஆகஸ்ட்ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு.

தீ புடிச்ச அந்த நியூயார்க் கட்டடம் இன்னும் நிக்குது, இப்ப யூனிவர்சிட்டி கிளாஸ் நடக்குது. 2004ல இருந்து வருஷா வருஷம் மார்ச் 25 அன்னிக்கு, செத்துப்போன ஒவ்வொருத்தரும் குடியிருந்த வீட்டு வாசல்ல பிளாட்பாரத்துல சாக்பீஸால பேரு, வயசு, அட்ரஸ் எழுதி வெக்கிறாங்க.