பிலிப்பைன்ஸில் மேயரின் மகன் கவுன்சிலருக்கு நிற்பதைத் தடுக்க முடியுமா?

1987 அரசமைப்பின் 2ஆம் பிரிவு, 26ஆம் உட்பிரிவை மட்டும் காட்டி அவருடைய வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ய வைக்க முடியாது.

அந்த உட்பிரிவில் உள்ள வாரிசு அரசியலுக்கான தடை “சட்டம் வரையறுக்கும் வகையில்” என்றே எழுதப்பட்டிருக்கிறது. வரையறுக்க வேண்டிய காங்கிரஸிலேயே (அந்நாட்டு நாடாளுமன்றம்) அரசியல் குடும்பங்கள் நிறைந்திருந்ததால், பொதுவான சட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிறைவேறாமல் கிடந்தது. பூனைதான் தன் கழுத்தில் மணி கட்டிக்கொள்ள வேண்டும்!

எந்தப் பதவி என்பதை வேட்புமனுவில் பாருங்கள். ‘சங்குனியாங் கபாத்தான்’ என்ற இளைஞர் மன்றமாக இருந்தால், 2015ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டப்படி, அதே ஊரில் பதவியிலிருப்பவரின் இரண்டாம் படி வரையிலான உறவினர் நிற்க முடியாது. மகன் முதல் படி, தம்பி இரண்டாம் படி. தம்பி மகன் மூன்றாம் படி என்பதால் தப்பிவிடுவார்.

இவை தேர்தலுக்கு மட்டுமே. மேயர் உறவினரை நகராட்சிப் பணியில் நியமிப்பதற்கு 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் தடை தனி.