பொதுப்பணி வேலைத் திட்டத்துக்குச் சின்னம் வரைவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அரசின் பொதுப்பணி வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றிற்குக் காட்சி அடையாளம் வடிவமைக்கிறேன். சின்னத்தை வரைவதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அது எங்கெல்லாம் பதியப்போகிறது என்று பட்டியலிடுவதிலிருந்து தொடங்குங்கள். பணியிடப் பலகை, தலைக்கவசம், கருவிகளின் காம்பு, ஊதியச் சீட்டு ஆகியவற்றில், பெரும்பாலும் ஒரே நிறத்தில், வடிவமைப்பாளர் அல்லாத ஒருவர் ஸ்டென்சில் தகட்டை வைத்துப் பூசும்போதும் சிதையாத வடிவமே இங்கு பயன்படும். கணினித் திரையில் மட்டும் அழகாகத் தெரியும் நிறச்சாயல்களை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்பற்றத்தக்க முன்மாதிரி உண்டா?

பதில்: அமெரிக்காவில் 1935 முதல் 1943 வரை நடந்து, சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை தந்த டபிள்யூ.பி.ஏ. (Works Progress Administration) என்ற அரசுப் பொதுப்பணித் திட்டத்தைப் பாருங்கள். அதன் சுவரொட்டிப் பிரிவில் ஓவியர் ஆந்தனி வெலோனிஸ், மெல்லிய துணித் திரை வழியே மையை அழுத்திப் பதிக்கும் சில்க் ஸ்கிரீன் அச்சுமுறையைப் புகுத்தினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை தேவைப்பட்டதால், சில தட்டையான நிறங்களும் தடித்த எழுத்துகளுமே அந்தச் சுவரொட்டிகளின் பாணியாயின. சுமார் 35,000 வடிவமைப்புகளில் 20 லட்சம் படிகள் அச்சாயின. அவற்றை வரைந்தவர்களில் பலர் வேலையிழந்து அத்திட்டத்தில் சேர்ந்த ஓவியர்கள் என்பதை உங்கள் அதிகாரிகளுக்கு நினைவூட்டுங்கள். வடிவமைப்பும் அங்கு வழங்கப்பட்ட வேலைகளுள் ஒன்றுதான்.

கேள்வி: மண்வெட்டியுடன் நிற்கும் தொழிலாளியின் உருவம் பொருந்துமா?

பதில்: 'நிற்கும்' என்பதில்தான் சிக்கல். மண்வெட்டியில் சாய்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள் என்ற கேலி டபிள்யூ.பி.ஏ. தொழிலாளர்களை விடாமல் துரத்தியது. உருவம் வேண்டுமென்றால் வேலை நடக்கும் கணத்தை வரையுங்கள். என்னைக் கேட்டால், முடிந்த பாலத்தையோ கால்வாயையோ காட்டுவதே தொழிலாளிக்குக் கூடுதல் மரியாதை.

கேள்வி: தலைவர்களின் படம்?

பதில்: வேண்டாம். ஆட்சி மாறினால் பலகைகளையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: திட்டத்தில் சேரும் நிறுவனங்களுக்கும் இதே சின்னத்தைத் தரலாமா?

பதில்: தயங்குவேன். அமெரிக்காவின் தேசியத் தொழில் மீட்புச் சட்டத்துக்காக 1933-இல் வடிவமைப்பாளர் சார்லஸ் கோய்னர் வரைந்த நீலக்கழுகு, ஒரு காலில் பற்சக்கரமும் மறுகாலில் மின்னல் கீற்றுகளும் ஏந்திய, வடிவமைப்பில் குறைசொல்ல முடியாத சின்னம். ஆனால், அச்சட்டத்தின்கீழ் அரசு வகுத்த தொழில் விதிகளை ஏற்ற கடைகள் அதை மாட்டியதால், மாட்டாத கடைகள் புறக்கணிப்புக்கு ஆளாயின. அடையாளம் நிர்ப்பந்தமாக மாறிவிட்டது. 1935-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் விதிமுறைகளைச் செல்லாதென்று தீர்ப்பளித்தபின் கழுகும் மறைந்தது.

கேள்வி: பணி முடிந்து பலகையை அகற்றிய பிறகு?

பதில்: ஈரக் கான்கிரீட்டில் அழுத்தக்கூடிய முத்திரை ஒன்றையும் இப்போதே வடிவமைத்துவிடுங்கள். அதில் திட்டத்தின் சுருக்கப்பெயரும் ஆண்டும் போதும். டபிள்யூ.பி.ஏ. முத்திரைகளை அமெரிக்க நடைபாதைகளில் இன்றும் காணலாம்.